பிரித்த நூல் இங்கே விற்பதில்லை

மதியச் சாப்பாட்டின்போதுதான் மருமகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையைச் சுற்றிப் பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள் என்று நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சோறு, பருப்பு, அவித்த முட்டை. கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் அந்த வீட்டில் சில வாரங்களாகவே கிடையாது.

"அத்தை, அந்தப் போர்வை எங்க?"

மாமியார் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். ஓடு பாதி போயிருந்தது. மீதியை உரிக்காமல் அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். மகன் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர்தான் பதில் சொன்னார். "இருக்கும்மா. வீட்டை விட்டு எங்க போயிடப் போகுது? சாப்பிடு."

"இன்னும் ஓரம் கட்டல மாமா."

"கட்டலாம். சாப்பிடு முதல்ல."

அவள் சாப்பிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவளாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்த வீட்டின் முன்பகுதிதான் நூல்கடை. ஊரில் பின்னுகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒருமுறையாவது அந்தப் படி ஏறியிருப்பார்கள். மூன்று பக்கச் சுவரும் தரையிலிருந்து கூரைவரை தட்டுகள், தட்டுகள் நிறைய நூல் உருண்டைகள். இடப்பக்கம் மெல்லிசு, வலப்பக்கம் தடிமன், நடுச்சுவர் முழுக்க நடுத்தரம். கல்லாவுக்கு மேலே பெரியவர் தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு. 'பிரித்த நூல் இங்கே விற்பதில்லை.' மற்ற கடைகளில், பின்னிப் பார்த்துப் பிடிக்காமல் பிரித்துக் கொண்டுவருகிற நூலை வாங்கி, உருட்டி, லேபிளை மாட்டிப் புதுசென்று தள்ளிவிடுவதுண்டு. பெரியவர் கடையில் அது நடக்காது. அவர் அப்பா காலத்திலும் நடந்ததில்லை. வாக்கும் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. விழுந்த உருண்டையை எடுப்பதற்குக்கூட முழங்காலை மடக்குவாரே தவிர முதுகை மடக்க மாட்டார்.

குழந்தை காலையில் பிறந்தது, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குள் போய்விட்டது. பெண் குழந்தை. தாய்க்கு நினைவு திரும்புவதற்குள், ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பெரியவரும் மகனும் வாங்கிக்கொண்டு போய் மண்ணில் வைத்துவிட்டு வந்தார்கள். வந்ததும் பெரியவர் மனைவியைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தை சொன்னார். "குழந்தைச் சாமான் எதுவும் அவ கண்ணுல படக்கூடாது. வீட்டு விஷயம் கல்லாவைத் தாண்டி வெளியில போகக்கூடாது." பிறகு கடையைத் திறந்தார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நூலைத் தடவிக்கொண்டே 'அடடா' என்பதைக் கேட்க அவருக்குத் திராணி இல்லை. கேட்டுக்கொண்டு நிற்பது கௌரவமும் இல்லை. கேட்டவர்களுக்கு, மருமகள் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார். ஊர் நம்பியது. ஊருக்கு மழையைப் பற்றிப் பேசவே நேரம் சரியாக இருந்தது.

அந்தப் போர்வைக்கு நூல் தேர்ந்து கொடுத்ததே அவர்தான். அப்போது மருமகளுக்கு மாதம் ஏறியிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மெல்லிசுத் தட்டிலிருந்து ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"மெல்லிசு வேணாம்மா," என்றார் பெரியவர். "இதுல போர்வை ஆரம்பிச்சா, பிள்ளை பள்ளிக்கூடம் போறப்பதான் முடியும்."

"அப்ப தடியா எடுத்துக்கவா மாமா?"

"தடியா எடுத்தா அது போர்வை இல்ல, மிதியடி. பிள்ளையைப் போர்த்தவா போற, கால் துடைக்கவா?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் உள்ளேயிருந்து, "அவளைச் சிரிக்க வைக்காதீங்க, வலி வந்துடப் போகுது," என்று குரல் கொடுத்தாள்.

அவர் நடுச்சுவரிலிருந்து ஒரு கம்பளி, ஒரு பருத்தி, ஒரு அக்ரிலிக் என்று மூன்று உருண்டைகளை இறக்கிக் கல்லாமேல் வரிசையாக வைத்தார். மூன்றும் நடுத்தரம்தான். "பருமன் ஒண்ணா இருந்தா குணம் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. கம்பளி வெந்நீர் பார்த்தா சுருங்கி அட்டையாயிடும். குழந்தைப் போர்வை தினம் தண்ணி பார்க்கும். பருத்தி நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். இந்த அக்ரிலிக் துவைச்சுத் துவைச்சுப் போட்டாலும் மெத்துனு இருக்கும். இஸ்திரிப்பெட்டியை மட்டும் கிட்ட கொண்டு போகாதே. சூடு பட்டா நூல் செத்துப்போயிடும், அப்புறம் என்ன பண்ணாலும் எழுந்திருக்காது."

"நிறம்?"

"அது உன் இஷ்டம். ஆனா நூலைக் கண்ணால வாங்காதே, கழுத்தால வாங்கு."

இது அவர் எல்லோருக்கும் சொல்வது. அவள் ஒவ்வொரு உருண்டையாகக் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் வெளிர் மஞ்சளில் நின்றாள். பாலில் முட்டைக்கருவைக் கலந்தாற்போல ஒரு நிறம். பெரியவர் லேபிளில் இருந்த சாய எண்ணைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, அதே எண்ணில் இருந்ததை எல்லாம் தேடி எடுத்தார். ஒரே மஞ்சள் போலத் தெரிந்தாலும் வேறு தொட்டியில் தோய்த்தது பாதிப் போர்வையில் கோடு போட்டதுபோலக் காட்டிக்கொடுத்துவிடும்.

"பின்ற கொக்கியில அஞ்சரை நம்பர் எடுத்துக்க. அஞ்சு வேணாம். நீ நூலை இழுத்துப் பின்றவ. உன் கைக்கு அஞ்சு எடுத்தா போர்வை பலகையாயிடும்."

"என் கை இழுக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"உன் புருஷனுக்குத் தொப்பி பின்னியே, அவன் அதைக் கழட்டறதுக்குள்ள காது சிவந்துபோச்சே. அதைப் பார்த்தப்பவே தெரியும்."

அவள் பின்னினாள். கடையில் உட்கார்ந்து பின்னினாள், மாடியில் பின்னினாள், துணி காய்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் பின்னினாள். போர்வை முடிந்து, சுற்றிலும் ஓரம் கட்டுவது மட்டும் பாக்கியிருந்தபோது வலி எடுத்தது.

சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டதற்கு மறுநாள் காலை, கடையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தொப்பிக்கு நூல் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் நூலுக்கு ஒரு வாடை வரும். ஈரத் துணியும் பழைய காகிதமும் கலந்த வாடை. பெரியவர் தட்டுகளுக்கு நடுவே கரித்துண்டு வைத்துக்கொண்டிருந்தார். அப்போது படியில் குடையை உதறும் சத்தமும், கூடவே அந்தக் குரலும் வந்தன.

"வண்டியை நிறுத்துங்க பெரியவரே!"

வந்தது ரைட்டம்மா. வேலையில் இருந்தவரை பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் எதற்கெடுத்தாலும் 'ரைட்டு' என்று சொல்லியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. குக்கருக்கு உறை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை, ரிமோட்டுக்கு உறை என்று வீட்டில் அசையாத பொருளுக்கெல்லாம் பின்னிப் போட்டுவிட்டு, இப்போது அசைகிற பொருளைத் தேடிக்கொண்டிருப்பவள். வழக்கமாக அவள் குரல் கேட்டால் பெரியவர், 'என்னம்மா, சில்லறை இருக்கா?' என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பிடி நூலை எடுத்துக் கல்லாமேல் போட்டாள்.

"இது நூலா, என் தலைமுடியா? நீங்களே சொல்லுங்க."

அவள் தலைமுடி சுருட்டை. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நடுத்தரம்னு வாங்கினேன். பின்னப் பின்ன ஒரு இடம் இறுக்கு, ஒரு இடம் தொளதொளப்பு. அளவு பார்க்கச் சின்னதா ஒரு துண்டு பின்னினேன், சரியாத்தான் இருந்துச்சு. துவைச்சேன் பாருங்க, ஒரு பக்கம் நீண்டுக்கிச்சு. உருண்டைக்கு நடுவுல முடிச்சு வேற. என்ன பெரியவரே இது?"

பெரியவர் நூலை எடுத்தார். வெளிர் மஞ்சள். பாலில் முட்டைக்கருவைக் கலந்த மஞ்சள். விரலுக்கிடையில் நீட்டிப் பிடித்தார். நூல் நேராக நிற்கவில்லை. சின்னச் சின்ன அலையாக நெளிந்தது. ஒருமுறை பின்னலில் கண்ணியாக இருந்த நூல் அப்படித்தான் நெளியும். பெரிய வளையமாக, சிட்டமாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டு, அடியில் பாரம் கட்டிக் காயவைத்தால் ஒழிய அந்த நெளிவு போகாது. இதற்கு யாரும் அதைச் செய்யவில்லை. நெளிவுகள் சின்னச் சின்னதாக, நெருக்கமாக இருந்தன. இழுத்துப் பின்னுகிற கை.

எந்த நூல், எந்தக் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது உள்ளே இறங்கவில்லை. மரத்துப்போன காலில் யாரோ தட்டுவதுபோல, தட்டுவது தெரிந்தது, பட்டது தெரியவில்லை.

"இது எங்க கடை நூல் இல்ல," என்றார்.

"என்னது?"

"இது எங்க கடை நூல் இல்லம்மா."

"உங்க பையன் கையால வாங்கினது பெரியவரே! நீங்க வெளியில போயிருந்தீங்க. இந்தாங்க லேபிள், பையிலேயே வச்சிருக்கேன்."

"லேபிளை எதுல வேணா மாட்டலாம். எங்க கடையில பிரிச்ச நூல் விக்கிறதில்ல. பலகையைப் பாருங்க."

"பலகையைப் பார்த்துத்தான இத்தனை வருஷமா இந்தப் படி ஏறுறேன்! அப்ப நான் பொய் சொல்றேனா?"

டீச்சர் தொப்பி நூலைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

ரைட்டம்மா குடையை எடுத்தாள். குரல் தாழ்ந்துவிட்டது. "டிக்கெட் இல்லாம ஏறுனவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு என் ஆயுசு பூரா பார்த்திருக்கேன் பெரியவரே. இன்னிக்கு உங்க மூஞ்சி அப்படி இருக்கு. ரைட்டு. நான் போறேன்."

நூலைக் கல்லாமேலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் டீச்சரும் ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள்.

கடைக்குப் பின்னால் சரக்கு அறை. மாமியார் அங்கே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். ரைட்டம்மாவின் சத்தம் அங்கேவரை கேட்டிருந்தது. பெரியவர் கதவைச் சாத்தினார். கையிலிருந்ததை நீட்டினார்.

அவள் பார்த்தாள். பார்த்தபடியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் பிரிச்சேன்," என்றாள்.

"பிரிச்சியா?"

"கண்ணுல படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. குப்பையில போட மனசு வரல. யாருக்காவது குடுக்கலாம்னா, அதுக்கும் வரல. எரிக்கலாம்னு அடுப்பு வரைக்கும் கொண்டு போனேன். கை வரல. பிரிச்சா வெறும் நூலாயிடும். நூல்னா நம்ம வீட்டுல எங்க வேணா இருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க."

"அது கடைக்கு எப்படி வந்தது?"

"பெட்டியில வச்சா அவ திறப்பா. பரண்ல வச்சா அவன் எடுப்பான். நூலை ஒளிக்கணும்னா நூலுக்குள்ளதான ஒளிக்கணும்? மேல் தட்டுல, மஞ்சளுக்கெல்லாம் பின்னாடி வச்சேன். விக்கிறதுக்கா வச்சேன்?"

"லேபிள்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பழைய லேபிள் கிடந்துச்சு. எடுத்துச் சுத்தினேன். ஒண்ணும் இல்லாம வச்சா, துணியில்லாம படுக்க வச்ச மாதிரி இருந்துச்சு."

பெரியவர் சுவரில் சாய்ந்தார். அவர் சுவரில் சாய்ந்து அவள் பார்த்ததில்லை.

"பையனைக் கோவிச்சுக்காதீங்க," என்றாள். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த அம்மா மஞ்சள்னு கேட்டிருக்கும். முன்னாடி இருந்ததெல்லாம் சரிஞ்சிருக்கும், இவன் கைக்கு எட்டினதை எடுத்துக் குடுத்திருப்பான். அவன் இப்ப எதைப் பார்க்கிறான்? நேத்து உப்பில்லாத பருப்பைத் தின்னுட்டு எழுந்து போறான்."

"நானும்தான் தின்னேன்."

"உப்புப் போட மறந்துட்டேன்னு எனக்கே ராத்திரிதான் தெரிஞ்சுது."

கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கோபம் வரும் என்று பெரியவர் காத்திருந்தார். வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மீதி?"

"ரெண்டு உருண்டை மேல இருக்கு. மீதி எல்லாம் அந்த அம்மாகிட்டதான் இருக்கணும்." பிறகு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அவ திரும்பக் கேட்டா என்னங்க சொல்றது? நான்தான் பிரிச்சேன்னு தெரிஞ்சா அவ என் மூஞ்சியில முழிப்பாளா? ஒரே அடுப்படியில நாங்க ரெண்டு பேரும் எப்படி நிக்கிறது?"

"உன் பேரு வராது," என்றார் பெரியவர்.

வாடிக்கைக்காரர் வீட்டுப் படியை அவர் மிதித்ததே இல்லை. நூல் தேடி ஆள் வர வேண்டும், ஆளைத் தேடி நூல்கடைக்காரர் போகக்கூடாது என்பது அவர் கொள்கை. அன்று சாயங்காலம், துவைத்து மடித்த சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை நேராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் மாடிப்படிகளில் ஏறினார். கைப்பிடிச் சுவர் இருந்தும் பிடிக்கவில்லை.

ரைட்டம்மா கதவைத் திறந்தாள். முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டாமல் இருக்க மெனக்கெட்டாள்.

"இடம் இருக்கு, உள்ள வாங்க."

சின்ன அறை. நாற்காலிக்கு உறை, டி.வி.க்கு உறை, தொலைபேசிக்கு உறை. மூலையில் ஒரு பழைய பாயிலிருந்து நாய் ஒன்று எழுந்து வந்தது. கிழட்டு நாய். முதுகில் பாதி முடி கொட்டியிருந்தது. அது நடுங்கிக்கொண்டே வந்து பெரியவரின் செருப்பை முகர்ந்தது.

அதன் உடம்பில் வெளிர் மஞ்சளில் ஒரு சட்டை.

"டிப்போ, தள்ளு," என்றாள் ரைட்டம்மா. "சாயங்காலம் ஆனா எங்க இருந்தாலும் இங்க வந்து சேர்ந்துடும். அதான் டிப்போ. முடி கொட்டினதிலேருந்து குளிர் தாங்கலை. அதுக்குத்தான் பின்னினேன். பாருங்க, ஒரு கால் ஓட்டை நீண்டு, தரையைக் கூட்டிட்டு வருது."

பெரியவர் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னது காதில் விழவில்லை.

"காலையில நான் சொன்னது தப்பு," என்றார். "அது எங்க கடையிலேருந்து வந்த நூல்தான். நீங்க பொய் சொல்லல."

இதற்கு ரைட்டம்மா தயாராக இல்லை. சண்டை என்றால் தயாராக இருந்தாள்.

"சரி விடுங்க. யானைக்கும் அடி சறுக்கும். இதைச் சொல்லவா மழையில வந்தீங்க? வேற உருண்டை குடுத்தா ஆச்சு."

"குடுக்கிறேன். ஆனா அது எனக்குத் திரும்ப வேணும்."

"எது?"

அவர் நாயைக் காட்டினார்.

ரைட்டம்மா சிரித்துவிட்டாள். "நாயையா, சட்டையையா?"

அவர் சிரிக்கவில்லை. "அது விக்கிற நூல் இல்லம்மா. அது…" என்றார். சொல்ல வேண்டியது தொண்டையில் இல்லை, எங்கேயோ கீழே, கிணற்றுக்குள் விழுந்த வாளிபோலக் கிடந்தது. அதை இழுத்தார். "எங்க பேத்திக்குப் பின்னின போர்வை அது."

"உங்களுக்குப் பேத்தியா? எப்ப? ஒரு வார்த்தை சொல்லலையே, மருமக அப்பா வீட்டுக்குப் போயிருக்கான்னுதான…" அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கை தானாகப் போய் டி.வி.யை நிறுத்தியது.

"சொல்லல," என்றார் பெரியவர். "யாருக்கும் சொல்லல. ஒரு நாள் முழுசா இல்ல. வீட்டுல பிரிச்சுட்டோம். தப்பித் தவறிக் கடைத்தட்டுக்கு வந்துடுச்சு. அந்தப் பொண்ணு இப்ப அதைக் கேக்குது. ஓரம் கட்டணுமாம்."

நாய் அவர் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. ரைட்டம்மா குனிந்து அதன் முன்கால்களை ஒவ்வொன்றாக ஓட்டையிலிருந்து எடுத்தாள். கழுத்து வழியாகச் சட்டையை உருவினாள். நாய் ஒன்றும் சொல்லாமல் கழற்றக் கொடுத்தது, பிறகு நடுங்க ஆரம்பித்தது.

"பிரிச்சே குடுத்துடவா?"

பெரியவர் பதில் சொல்லுமுன் அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம். நான் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டு போங்க." மடித்துக் கொடுத்தாள். மீந்துபோன உருண்டையையும் கொண்டுவந்து வைத்தாள். "உங்க பையனைப் பார்த்துக்கங்க பெரியவரே. அன்னிக்கு நான் கடைக்குள்ள வந்தப்ப 'வாங்க'ன்னான். போறப்பவும் 'வாங்க'ன்னான். மழைக்கு அப்படி இருக்கான்னு நினைச்சேன்."

"நாய்க்குக் குளிருமே."

"என் காக்கிச் சட்டை சும்மாதான் கிடக்கு. போட்டுட்டு டியூட்டி பார்க்கட்டும்."

அவர் கதவு வரை போனார். ரைட்டம்மா பின்னாலேயே வந்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

பெரியவர் குடையை விரித்தார். "சொன்னா சொல்லுங்க," என்றார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. வெயில் இல்லை, ஆனால் வெளிச்சம் இருந்தது. மருமகள் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். கையில் கொக்கி இருந்தது. அஞ்சரை. மகன் தட்டு துடைத்துக்கொண்டிருந்தான். மாமியார் உள்கதவுக்குப் பின்னால், பாதி உடம்பு தெரிகிறாற்போல நின்றாள்.

பெரியவர் நாய்ச்சட்டையையும் மூன்று உருண்டைகளையும் கல்லாமேல் எடுத்து வைத்தார்.

"போர்வை இதுதான்மா," என்றார்.

அவள் பார்த்தாள். சட்டையை விரித்தாள். இரண்டு கால் ஓட்டை. முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"யார் பிரிச்சது?"

"நான்தான். கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் பிரிச்சேன். தட்டுல வச்சேன். வித்துப்போச்சு."

மகன் கையில் துணியோடு அப்படியே நின்றான். அந்த அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்த மஞ்சள் உருண்டைகள் அப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தன போலிருந்தது. கதவுக்குப் பின்னால் சேலை அசைந்தது.

மருமகள் மேல் தட்டிலிருந்து வந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அது அமுங்கவில்லை. கல்போல் இருந்தது.

"நீங்க தொளதொளன்னு சுத்துவீங்க மாமா. நூலுக்கு மூச்சு விட இடம் வேணும்னு சொல்லுவீங்க. இப்படி இறுக்கிச் சுத்தறது அத்தைதான்."

மாமியார் கதவை விட்டு வெளியே வந்து நின்றாள். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது.

"இறுக்கிப் பிடிச்சிருக்காங்க," என்றாள் மருமகள், உருண்டையைப் பார்த்தபடியே. அதை மடியில் வைத்துக்கொண்டாள். சட்டையின் கழுத்தோரத்தில் கடைசி முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து, கொக்கி நுனியால் தளர்த்தினாள். இழுத்தாள். ஒரு கண்ணி போனது, அடுத்தது போனது, வரிசை வரிசையாகச் சரசரவென்று பிரிந்து மடியில் நெளிநெளியாக விழுந்தது. விழுந்ததை உருட்ட அவள் முயலவில்லை. நெளிவு போக வேண்டுமானால் சிட்டமாகச் சுற்றித்தான் துவைக்க வேண்டும். சிட்டம் சுற்ற இரண்டு கை வேண்டும்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள்.

"கையை நீட்டுங்க மாமா."

அந்த வீட்டில் அவரிடம் யாரும் எதையும் செய்யச் சொன்னதில்லை. அவர் கல்லாவை விட்டு வந்தார். முக்காலிக்கு எதிரில், தெருவைப் பார்த்து, இரண்டு முன்னங்கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவள் இன்னும் தாழ்வாக என்று கையால் காட்டினாள். அவர் முதுகை வளைத்துக் குனிந்தார். அவள் நூலின் நுனியை அவருடைய இடது மணிக்கட்டில் கட்டி, இரண்டு கைகளுக்கும் இடையே சுற்ற ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூட டீச்சர் படியேறி வந்தாள். தொப்பி நூல் நினைப்பு போகவில்லை போலிருக்கிறது. குனிந்து நிற்கிற பெரியவரையும் மேலே பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ஐயா, பிரிச்ச நூலா?"

"ஆமா," என்றார் பெரியவர். "எங்க பேத்தியோடது. இறந்துபோச்சு. இது விக்கிறதுக்கு இல்ல."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றாள். மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். மாமியார் வந்து மருமகளின் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சிக்கிக்கொண்ட இடங்களில் நாய்முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மருமகள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சட்டை தீர்ந்தது. முதல் உருண்டை தீர்ந்தது. நூல் பெரியவரின் கைகளில் ஒரு மஞ்சள் வளையமாகக் கனத்தது. விரல்கள் வெளுத்து, முழங்கைக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் மரத்துப்போயிருந்தன. இரண்டாவது உருண்டையை எடுக்கும்போது மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கை வலிக்குதா மாமா?"

இல்லை என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் அதைத்தான் சொல்வார்.

"வலிக்குதும்மா," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். இறக்குங்கள் என்று சொல்லவில்லை. அவரும் இறக்கவில்லை. அவள் நூலைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் சுற்ற ஆரம்பித்தாள்.